பெயரைப் பறிகொடுத்தவரே குற்றவாளியா?

திருப்பதி மக்களவைத் தொகுதிக்கு 2021 ஏப்ரல் 17ஆம் தேதி இடைத்தேர்தல் நடைபெற்றது. வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் ஆள்களை அழைத்து வந்து, உள்ளூர் வாக்காளர்களின் பெயரில் வாக்களிக்க வைப்பதாகத் தெலுங்கு தேசமும் பாரதிய ஜனதாவும் அன்றைய தினமே புகார் எழுப்பின. வரிசையில் நின்றிருந்த சிலரிடம், அவர்கள் கையில் இருந்த சீட்டில் அச்சிடப்பட்டிருந்த தந்தையின் பெயரைக் கேட்டபோது சொல்லத் தெரியாமல் விழித்த காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாயின. வந்தவர்கள் ஏழுமலையானைத் தரிசிக்க வந்த பக்தர்கள் என்றது அப்போது மாநிலத்தை ஆண்ட ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். அக்கட்சியின் வேட்பாளரே பெரும் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.

விவகாரம் அத்துடன் அடங்கவில்லை. அந்த இடைத்தேர்தலின்போது திருப்பதியில் வாக்காளர் பதிவு அதிகாரியாக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, தேர்தல் ஆணையத்தின் உத்தரவின்பேரில் 2024 ஜனவரியில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பயன்படுத்தி, வாக்காளர் அடையாள அட்டைகள் கணினியிலிருந்து முறைகேடாக இறக்கப்பட்டன என்பதே அதற்குக் காரணம். அட்டைகளின் எண்ணிக்கை 30,000-க்கும் அதிகம் என அப்போது செய்திகள் வெளிவந்தன.

தலைநகரில் இச்செய்தி இரு நாள்கள் பேசப்பட்டது. எந்தக் கட்சி எப்படி வென்றது, எந்த அதிகாரி யாருக்கு வேண்டியவர் என்பதைச் சுற்றியே பேச்சு முழுவதும் இருந்தது. இறக்கப்பட்ட ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறாரே, அவர் கதி என்ன என்று கேட்டவர் மிகச் சிலர். வாக்காளர் அடையாள அட்டை வாக்களிக்க மட்டும் பயன்படுவதன்று. வங்கிக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்டுள்ள ஆவணங்களுள் அதுவும் ஒன்று. செல்போன் இணைப்பு பெறப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டதும் அதுவே. திருப்பதி அட்டைகள் அப்படிப் பயன்பட்டன என்று இங்கே சொல்ல வரவில்லை. அரசின் கணினியிலிருந்தே ஒருவருடைய அடையாளம் வெளியேறி, அந்த அடையாளத்தில் வேறொருவர் மோசடி செய்து, காவல்துறை அசல் மனிதரின் கதவைத் தட்டினால் அவர் தம்மை எப்படிக் காப்பாற்றிக்கொள்வார் என்பதே கேள்வி.

வாக்கு களவுபோனால் அதற்கென்று ஒரு விதி உண்டு. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள 49பி பிரிவை, 2018இல் வெளிவந்த 'சர்கார்' திரைப்படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. தமது பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்று தெரிந்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குத் திருப்தியளிக்கும் வகையில் பதில் கூறி, தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். அந்தச் சீட்டு சாதாரண எண்ணிக்கையில் சேராது, வழக்கு என்று வந்தால்தான் அதற்கு மதிப்பு. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டப்பேரவைத் தொகுதியில் ஒரே ஒரு வாக்கில் முடிவு தீர்மானமானபோது, இத்தகைய வாக்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அந்த விதியில் குறைகள் இருக்கலாம். ஆனால், அதன் அடிப்படை நியாயமானது. தாம்தான் அசல் என்று சொல்லி வருபவரை அது குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. அதே இடத்தில், அதே நாளில், அவர் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்கிறது. மோசடி வழக்கில் பெயர் சிக்கிய குடிமகனுக்கு இந்த அளவுக்கேனும் ஒரு வழி நமது சட்டங்களில் இல்லை.

திருப்பதியிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது புத்தூர். நிர்வாகத்தில் திருப்பதி மாவட்டம் என்றாலும், நகரி சட்டப்பேரவைத் தொகுதியின் பகுதியாக அது சித்தூர் மக்களவைத் தொகுதியில் இருப்பதால் அந்த இடைத்தேர்தலில் அங்கே வாக்குப்பதிவு இல்லை. எனினும் இந்தப் பிரச்னையை விளக்கப் புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. எலும்பு முறிவுக்கு 'புத்தூர் கட்டு' என்ற பெயர்ப்பலகை தமிழ்நாட்டில் தொங்காத ஊர் இல்லை. அவற்றில் எத்தனை வைத்தியர்கள் புத்தூரைக் கண்ணால் கண்டவர்கள் என்பது வேறு விஷயம். ஊரின் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஊர் அதற்காகச் சிறைக்குப் போவதில்லை. மனிதனின் நிலை அப்படியன்று.

புத்தூரிலும் நகரியிலும் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது, ம.பொ.சி. உள்ளிட்டோரின் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் புத்தூரும் ஆந்திரத்திலேயே தங்கின. இதன் விளைவு அரசியல் வரலாற்று நூல்களோடு முடிந்துவிடவில்லை. அது ஒவ்வொரு வீட்டின் தகரப் பெட்டியிலும் இருக்கிறது.

தமிழ் வழக்கப்படி தந்தையின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டவருக்கு, தெலுங்கு வழக்கப்படி 'இன்டிபேரு' என்ற குடும்பப் பெயர் கேட்கப்படுகிறது. ஒரு ஆவணத்தில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகிவிடும். தமிழிலிருந்து தெலுங்குக்கும், தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்கும் போகும்போது எழுத்துகள் மாறுகின்றன. போதாததற்கு 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. வீடு மாறவில்லை, முகவரி மாறிவிட்டது.

அசல் மனிதரின் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்கின்றன. திருடனோ அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற அனைத்தையும் அதற்கேற்பத் தயாரித்துக்கொள்கிறான். அவனுடைய கோப்பில் ஓர் எழுத்துகூடப் பிசகாது. விசாரணை அதிகாரியின் மேசையில் இரண்டும் வைக்கப்படும்போது எது அசலாகத் தோன்றும்?

ஒரு நெசவாளரை எண்ணிப் பாருங்கள். வடமாநிலக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வருகிறது. அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் சேர்ந்திருக்கிறது, குறிப்பிட்ட நாளில் நேரில் ஆஜராக வேண்டும் என்பது செய்தி. கடிதம் இந்தியில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவர் தொடங்கவில்லை. அந்த ஊரை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை.

அவருக்கு எழும் முதல் சந்தேகம், இந்தக் கடிதமே உண்மைதானா என்பது. 'உங்கள் ஆதார் எண் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது' என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரித்தார். சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது என்றும் கூறினார். அந்த எச்சரிக்கை அவசியமானதே. ஆனால், உண்மையிலேயே ஆதார் திருடப்பட்டவருக்கு வரும் உண்மையான அழைப்பாணையும் அதே வாசகத்தோடுதான் வரும். நம்பினால் ஏமாறலாம், நம்பாவிட்டால் பிடியாணை வரலாம். வாட்ஸ்ஆப் போன்ற வழிகளில் இத்தகைய அழைப்பாணை அனுப்புவது செல்லாது என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது இந்த வகையில் சிறு ஆறுதல்.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றங்களில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது, உரிய காரணங்கள் இல்லாவிட்டால் ஆஜராகும்படி அழைப்பாணை அளிக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவில் இருக்கிறது. அழைப்பாணைக்கு இணங்கி நடப்பவரைக் கைது செய்ய அதிகாரி தனிக் காரணம் எழுத வேண்டும். எனவே, சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணைக் கடிதத்திலிருந்து எடுக்காமல் வேறு வழியில் கண்டறிந்து உறுதி செய்துகொண்டு, எழுத்துமூலம் பதில் அனுப்புவதே பாதுகாப்பு. அலட்சியப்படுத்துவதுதான் பேராபத்து.

வேறு மாநிலத்தில் வழக்கு பதிவாகியிருந்தாலும், தாம் வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் கோரலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால், முதல் தகவல் அறிக்கையையே ரத்து செய்யக் கோர வேண்டுமானால், பெரும்பாலும் அது பதிவான மாநிலத்தின் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விசைத்தறியை நிறுத்திவிட்டு ரயிலேறும் நெசவாளர் அங்கே வழக்குரைஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் தேட வேண்டும்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. மத்தியப் பிரதேசத்தின் குவாலியரைச் சேர்ந்த 25 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், தமது வருமான வரிக் கணக்கு எண்ணின் பேரில் 46 கோடி ரூபாய்ப் பரிவர்த்தனை நடந்திருப்பதாக நோட்டீஸ் பெற்று 2024 மார்ச்சில் காவல்துறையிடம் போனார். அவருக்குத் தெரியாமலே 2021இல் அவர் பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகி, மும்பையிலும் தில்லியிலும் இயங்கியிருக்கிறது. அதே மாநிலத்தின் பேதுல் மாவட்டத்தில் 2013இல் காலமான பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, அவர் இறந்த பிறகு வந்த நிதியாண்டுக்காக ஏழரைக் கோடி ரூபாய்க்கு வரி நோட்டீஸ் 2023இல் வந்து சேர்ந்தது. பதில் சொல்ல அவர் இல்லை, மகன் அலைந்தார்.

பிரபலங்களும் தப்பவில்லை. தமது எண்ணில் யாரோ 2,000 ரூபாய்க் கடன் வாங்கிவிட்டதாக நடிகை சன்னி லியோனி 2022 பிப்ரவரியில் பகிரங்கமாகக் கூறினார். தோனி, அபிஷேக் பச்சன் உள்ளிட்டோரின் வரி எண் விவரங்களைக் கொண்டு கடன் அட்டை பெற்ற கும்பலை 2023இல் தில்லி காவல்துறை பிடித்தது. தோனி மோசடி செய்தார் என்று எந்த ஆய்வாளரும் கனவிலும் நினைக்கப் போவதில்லை. அவர் முகமே அவருக்குச் சாட்சி. புத்தூர் நெசவாளரின் முகம் புத்தூரில் மட்டும்தான் சாட்சி சொல்லும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதற்கு அமெரிக்காவிலும் உதாரணம் உண்டு. 1988இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் தள்ளுவண்டிக் கடையில் இருவர் சேர்ந்து வேலை செய்தனர். ஒருவர் மற்றவரின் பெயரையும் விவரங்களையும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு அந்தப் பெயரிலேயே வாழத் தொடங்கினார். அடையாள அட்டை, திருமணம், வங்கிக் கடன், வேலை எல்லாம் அந்தப் பெயரில்தான். பிறந்த குழந்தைக்கும் திருடிய குடும்பப் பெயரே வாய்த்தது. 2012இல் அசல் மனிதரின் பிறப்புச் சான்றிதழைக்கூடக் கென்டக்கி மாநில அரசிடமிருந்து பெற்றுவிட்டார். மறு ஆண்டு அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நல்ல சம்பளத்தில் கணினிப் பணியில் சேர்ந்தார்.

அசல் மனிதர் வீடற்றவராக லாஸ் ஏஞ்சலீஸ் தெருவில் இருந்தார். தம் பெயரில் யாரோ பெரும் கடன் வாங்கியிருப்பது தெரிந்து 2019இல் ஒரு வங்கிக் கிளைக்குப் போய் முறையிட்டார். அடையாள அட்டைகளைக் காட்டினார். பெரும் தொகை உள்ள கணக்கு என்பதால் வங்கி அலுவலர் பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்டார். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்விகளுக்கான விடையை அமைத்தவன் திருடன் அல்லவா? கணக்கில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியபோது, மறுமுனையில் திருடன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். காவல்துறை அழைக்கப்பட்டது. கைதானவர் அசல் மனிதர்.

திருப்பதியில் போலி வாக்காளர் என்று சொல்லப்பட்டவர் தந்தையின் பெயர் தெரியாமல் விழித்தார். லாஸ் ஏஞ்சலீஸில் அசல் மனிதரே விடை தெரியாமல் நின்றார். கேள்விக்குப் பதில் சொல்வதை மட்டும் அடையாளத்துக்கு அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பெரிய அநீதியில் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பின்னர் நடந்தது இன்னும் கொடுமை. தம் பெயர் இதுதான் என்று அவர் நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னதையே மனநிலைப் பிறழ்வுக்கு அடையாளமாகக் கொண்டார்கள். 428 நாள்கள் சிறையிலும் 147 நாள்கள் மனநல மருத்துவமனையிலும் கழித்தார். விடுதலை பெறுவதற்காக 2021இல் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஒப்புக்கொண்டார். இனி 'உண்மையான' பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று, திருடனின் பெயரை நீதிமன்றம் அவருக்குச் சூட்டி அனுப்பியது.

2023இல், திருடன் எங்கே வேலை செய்கிறான் என்பதைத் தாமே கண்டறிந்து அப்பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பினார். அங்கிருந்த காவல்துறைத் துப்பறிவாளர் ஒருவர், பிறப்புச் சான்றிதழில் குறிப்பிடப்பட்டிருந்த தந்தையைக் கென்டக்கியில் தேடிப் பிடித்து மரபணுச் சோதனை செய்ய ஏற்பாடு செய்தார். உண்மை வெளிவந்தது. திருடனுக்கு 2025 ஜனவரியில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு துப்பறிவாளர் மெனக்கெட்டதால் கிடைத்த நீதி இது. முறையாக இயங்கும் ஓர் ஏற்பாட்டால் கிடைத்ததன்று.

இந்தியச் சட்டப்படி குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால், நடைமுறையில் வங்கிக் கணக்கு ஒருவர் பெயரில் இருந்தால் பணமும் அவருடையது, செல்போன் எண் ஒருவர் பெயரில் இருந்தால் பேசியதும் அவரே என்ற ஊகத்திலிருந்துதான் விசாரணை தொடங்குகிறது. முதலில் அவருடைய கணக்குகள் முடக்கப்படுகின்றன. சர்ச்சைக்குரிய தொகை சில லட்சமே இருக்க, முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதார உரிமையைப் பறிப்பதாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில் கூறியது. அந்த வழக்கிலும் முடக்கச் சொன்னது வேறு மாநிலக் காவல்துறைதான்.

சுமையை மாற்றி வைப்பது முடியாத காரியமன்று. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில், தவறு வாடிக்கையாளருடையது என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கிக்கே உரியது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை வெளியிட்டது. மூன்றாம் தரப்பினரின் மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே கிடையாது. கணக்கிலிருந்து பணம் போனால் இந்தப் பாதுகாப்பு. பணத்துக்குப் பதிலாகப் பெயர் போனால், பறிகொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அவர் எதைக்கொண்டு நிரூபிப்பார்? கணக்கு தொடங்கியபோது எடுத்த புகைப்படம் வங்கியிடம் இருக்கிறது. எந்த ஊர்க் கோபுரத்திலிருந்து செல்போன் இயங்கியது என்ற விவரம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இருக்கிறது. கைரேகை எந்த இயந்திரத்தில் வைக்கப்பட்டது என்பது ஆதார் ஆணையத்திடம் இருக்கிறது. அவரைக் காப்பாற்றக்கூடிய சான்று எதுவும் அவரிடம் இல்லை. நீதிமன்றத்தின் மூலம் அவற்றை வரவழைக்கலாம் என்றாலும், குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் அந்த உரிமை எதிரிக்குப் பொதுவாக இல்லை என்று தேவேந்திரநாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. பின்னர் சில விதிவிலக்குகள் அனுமதிக்கப்பட்டாலும் அடிப்படை நிலை அதுவே. தற்காப்புக் கட்டம் வரும்வரை ஆண்டுகள் ஓடிவிடும்.

அதற்குள் சான்றுகள் மறைந்துவிடுகின்றன. தொலைபேசி அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் அவ்வளவு காலம் நிற்பதில்லை. ஆதார் சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. குடிமக்களின் நடமாட்டத்தை அரசு வேவு பார்க்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் பிறந்த உத்தரவு அது. அதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால், தம் கைரேகை களவுபோனது ஓராண்டு கழித்து நோட்டீஸ் மூலம் தெரியவருபவருக்கு, அந்தக் கைரேகை அன்று எங்கே பயன்பட்டது என்று காட்ட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கைரேகையைத் திருட முடியுமா என்று கேட்பவர்கள் ஆந்திரத்தின் அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் அட்டை விற்பனையாளர் ஒருவர் 2018இல் பிடிபட்டார். பதிவுத்துறை இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை இறக்கி, அவற்றில் விற்றவரும் வாங்கியவரும் வைத்திருந்த பெருவிரல் ரேகைகளைக் கொண்டு ரப்பர் முத்திரை செய்பவர்கள் பயன்படுத்தும் முறையிலேயே போலி ரேகைகள் தயாரித்திருந்தார். ஆயிரக்கணக்கான சிம் அட்டைகள் அப்படி உயிர்பெற்றன. அவருடைய நோக்கம் விற்பனை இலக்கை எட்டுவது மட்டும்தான் என்பது கூடுதல் வேடிக்கை. நிலம் வாங்கியதைத் தவிர வேறு பாவம் அறியாதவர்களின் ரேகைகள் அவை. ஆவணப் பதிவைக் கணினிமயமாக்குவதில் நாட்டுக்கே முன்னோடி என்று 1998 முதல் பெருமை பேசிய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் நிலப்பகுதி அது.

போலி நிறுவனங்களை ஒழிக்க ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கைரேகைச் சரிபார்ப்பை முதலில் குஜராத், புதுச்சேரி, பின்னர் 2024இல் ஆந்திரம் என்று கொண்டுவந்தார்கள். நேரில் வந்து அலுவலர் முன்னிலையில் வைக்கும் ரேகை என்பதால் இதில் பயன் உண்டு. ஆனால், பூட்டை மேலும் மேலும் பலப்படுத்தும் அரசு, பூட்டு உடைந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு என்ன வழி என்று யோசிப்பதே இல்லை.

அடையாளத் திருட்டு குற்றம் என்று சொல்லச் சட்டங்களுக்குக் குறைவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஆள்மாறாட்ட மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை தண்டிக்கிறது. ஆதார் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவரே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்ய 2019 திருத்தத்துக்குப் பிறகுதான் வழி பிறந்தது. இவை எல்லாம் திருடனைத் தண்டிக்கின்றன, பிடிபட்டால். பறிகொடுத்தவரை விடுவிக்க ஒரு பிரிவும் கிடையாது.

அவருக்கு நஷ்டஈடு? போதிய காரணமின்றி ஒருவரைக் காவல்துறை கைது செய்யக் காரணமானவர் அளிக்க வேண்டிய இழப்பீட்டுக்கு நமது நடைமுறைச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. பழைய சட்டத்தின் 358ஆவது பிரிவில் அது 1,000 ரூபாய். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 399ஆவது பிரிவிலும் அதே 1,000 ரூபாய்தான். காலனியச் சட்டங்களைத் தூக்கியெறிந்துவிட்டோம் என்று மக்களவையில் மேசையைத் தட்டியவர்கள் இந்த ஒரு தொகையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

தவறான வழக்குகளில் சிக்கியவர்களுக்குச் சட்டப்பூர்வ இழப்பீடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தனது 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல்களைக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க உதவிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் வகைசெய்கிறது.

காவல்துறையின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கமிஷனுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோர் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பிடிபட்டவுடன் 'என் பெயரை யாரோ திருடிவிட்டார்கள்' என்பதே அவர்கள் சொல்லும் முதல் வாக்குமூலம். எல்லோரையும் நம்பினால் விசாரணை நடக்காது. உண்மைதான். ஆனால், வாடகைக்கு விட்டவரையும் பறிகொடுத்தவரையும் பிரித்தறிவது ஒன்றும் மாயவித்தையன்று. கணக்கு தொடங்கிய படத்தில் இருப்பவர் யார், கையெழுத்து யாருடையது, அன்று அவர் எங்கே இருந்தார் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரே வாரத்தில் விடை கிடைக்கும். கையெழுத்தும் விரல் ரேகையும் குரல் மாதிரியும் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட இன்றைய சட்டத்திலேயே இடமுண்டு. மற்ற எதிரிகள் இதற்கு அஞ்சி ஒதுங்குவார்கள். அசல் மனிதரோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டுவார். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

கலிபோர்னியாவில் அடையாளம் திருடப்பட்டவர் நீதிமன்றத்தில் மனு செய்து, தாம் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்ற தீர்மானத்தைப் பெறலாம். அங்கே தண்டனைச் சட்டத்தின் 530.6 பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வர்ஜீனியாவில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இத்தகையவர்களுக்கு ஒரு தனி அட்டை வழங்குகிறது. காவலர் நிறுத்தினால் காட்டலாம். லாஸ் ஏஞ்சலீஸில் அவதிப்பட்டவரையே கலிபோர்னியாவின் சட்டம் காப்பாற்றவில்லை என்று சொல்லக்கூடும். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, வழக்குரைஞர் துணையில்லாத ஒருவருக்கு அது எட்ட வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.

இங்கே அதை எளிதாகவே செய்யலாம். முன்ஜாமீன் போலவே, அழைப்பாணை பெற்றவர் தம் ஊர் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க அனுமதிக்க வேண்டும். மனு வந்த அன்றே வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் ஆதார் ஆணையமும் சம்பந்தப்பட்ட பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க உத்தரவு போக வேண்டும். ரேகையும் கையெழுத்தும் உள்ளூரிலேயே எடுத்து வழக்கு நடக்கும் மாநிலத்துக்கு அனுப்பலாம். பொருந்தவில்லை என்றால் அவருக்கு ஒரு சான்று. அந்தச் சான்றை எல்லா மாநிலக் காவல்துறையும், கடன் தகவல் நிறுவனங்களும் ஏற்க வேண்டும். சென்னையிலிருந்தோ ஹைதராபாதிலிருந்தோ முடியக்கூடியதன்று இது, நாடாளுமன்றம் செய்ய வேண்டியது.

அதுவரை குடிமக்கள் தற்காப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தம் பெயரில் எத்தனை செல்போன் இணைப்புகள் உள்ளன என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ஏதேனும் தெரிய வந்தால் 1930 என்ற எண்ணில் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு வருவதற்கு முன் தேதியிட்ட புகார் ஒன்று கையில் இருப்பதே பின்னாளில் பெரிய சாட்சி. ஆனால், தம் அடையாளம் வெளியேறிவிட்டது என்று தெரிந்தால்தானே புகார் செய்ய முடியும்?

ஆகவே, திருப்பதிக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அதிகாரி மீது நடவடிக்கை எடுத்த தேர்தல் ஆணையத்திடம், எந்தெந்த அட்டைகள் இறக்கப்பட்டன என்ற கணக்கு இருந்தாக வேண்டும். அந்த வாக்காளர்களில் எத்தனை பேருக்கு அது எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டது, எத்தனை பேருக்குப் புதிய எண்ணில் அட்டை வழங்கப்பட்டது, பழைய எண்களை ஏற்க வேண்டாம் என்று வங்கிகளுக்கு எப்போது தகவல் தரப்பட்டது? ஆந்திர உறுப்பினர்களோ தமிழக உறுப்பினர்களோ இந்த மூன்று கேள்விகளையும் மக்களவையில் எழுப்பி, பதிலை அவைக் குறிப்பில் ஏற்றட்டும்.